ஐம்பது பாகத்தில் விடுபட்ட அளவு: முக்குளிப்புக் கைக்கடிகார வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

முக்குளிப்புக் கைக்கடிகாரத்தின் வரலாற்றை எழுதுவோர் 1953இல் தொடங்கி, பெரும்பாலும் அங்கேயே முடித்தும் விடுகிறார்கள். அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் பிளாங்பான் நிறுவனம் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ என்ற கடிகாரத்தை உருவாக்கியது. நீர் புகாத உறை, தானே சாவி ஏறும் இயந்திரம், இருளில் ஒளிரும் டயல், காந்தத் தடுப்பு, நிமிடக் கோடுகள் இட்ட சுழல்வளையம் ஆகிய ஐந்தும் முதன்முதலில் ஒருங்கே அமைந்தது அதில்தான் என்றும், பிறகு வந்தவை எல்லாம் மெருகேற்றல்கள்தான் என்றும் நிறுவனத்தின் வரலாற்றைப் பின்பற்றுவோர் வாதிடுகிறார்கள். இந்த வாசிப்பு கால அளவை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழ அளவைக் கைவிட்டுவிட்டது என்பது என் மறுப்பு.

மறுக்கும் முன், அதன் வலுவான பகுதியை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபிரெஞ்சுக் கடற்படையின் போர் முக்குளிப்பாளர் பிரிவை 1952இல் அமைத்த ராபர்ட் மலூபியே, க்ளோத் ரிஃபோ இருவரும் தங்களுக்குத் தேவையான கடிகாரத்தைத் தாங்களே வரைந்து தந்தவர்கள். பெசான்சோன் நகரின் லிப் நிறுவனம் அதைச் செய்ய மறுத்தது. அதை ஏற்றுக்கொண்ட பிளாங்பானின் தலைவர் ழான்-ழாக் ஃபீஷ்தெர் தாமே முக்குளிப்பவர். தென் ஃபிரான்சில் ஒருமுறை நேரத்தைத் தவறவிட்டு, நீருக்கடியில் காற்றுத் தீர்ந்து, அவசரமாக மேலேறிய அனுபவம் அவருக்கு இருந்தது. அதனால் அவர் எடுத்த காப்புரிமைகளில் வீண் அலங்காரம் ஏதும் இல்லை. கிரவுனுக்கு இரட்டை அடைப்பு, பின்மூடியின் ரப்பர் வாஷர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தனிக் குழி, தற்செயலாகத் திரும்பிவிடாத வளையம் ஆகியவையே அவை. ரோலெக்ஸின் சப்மரீனரும் அதே 1953க்கு உரிமை கொண்டாடுகிறது. ஆனால் அது பொதுப் பார்வைக்கு வந்தது 1954 பாசெல் கண்காட்சியில். முதன்மை யாருக்கு என்ற இந்த வழக்கில் எனக்கு அக்கறை இல்லை.

வளையத்தைச் சற்று நின்று பார்க்கலாம். 1953இல் எல்லாமே முடிந்துவிட்டது என்ற கூற்று முதலில் சறுக்குவது இங்கேதான். ஒரு திசையில் மட்டும் திரும்பும் வளையமே இன்று முக்குளிப்புக் கடிகாரத்தின் அடையாளமாகக் கருதப்படுகிறது. அது எதிலாவது இடித்து நகர்ந்தால் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. முக்குளிப்பவர் சற்று முன்னதாக மேலேறுவார், உயிருக்குக் கேடு வராது. ஃபீஷ்தெரின் வளையமோ அழுத்தினால் மட்டுமே திரும்பும் பூட்டு வகை. சப்மரீனரின் 5513 மாதிரியில் இரு திசையிலும் திரும்பும் வளையம் 1980களின் இறுதிவரை நீடித்தது. ஆக, முக்கியமான ஓர் உறுப்பே 1953இல் இன்றைய வடிவத்தை அடையவில்லை.

இனி டயலில் பொறித்த பெயருக்கு வருகிறேன். ஐம்பது ஃபாதம் என்றால் 91.4 மீட்டர். மீட்டர் முறையை உலகுக்குத் தந்த நாட்டின் கடற்படை ஆங்கிலக் கடல் அளவைத் தாங்கிய கடிகாரத்தைக் கையில் கட்டியது. 1953இல் புதுச்சேரியும் அதே கொடியின் கீழ்தான் இருந்தது. நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1இல்தான். கப்பல்துறையில் ஃபிரெஞ்சு மீட்டர் கணக்கு நடந்தது. வீராம்பட்டினத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் மீனவர்கள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, விரித்த இரு கைகளின் நீளத்தால் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொன்னார்கள். ஃபாதமும் அடிப்படையில் அதே கையளவுதான். பழைய ஃபிரெஞ்சுக் கடல் அளவான ‘ப்ராஸ்’ ஐந்தடி, அதாவது 1.62 மீட்டர். அந்தக் கணக்கில் ஐம்பது என்பது 81 மீட்டராகச் சுருங்கும். பாகமோ அளப்பவரின் உடலுக்கு ஏற்ப மாறும்.

இந்தப் பெயரை ஆராய்ந்தோர் பலர், அது கடிகாரம் தாங்கும் ஆழத்தின் அறிவிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் வேறு விதமாக வாசிக்கிறேன். அழுத்தக் காற்றை மூச்சாகக் கொண்டு மனிதர் இறங்கக்கூடியதாக அன்று கருதப்பட்ட எல்லையே அது. 1947 செப்டம்பரில் தூலோன் அருகே ஃபிரெஞ்சுக் கடற்படையின் மொரீஸ் ஃபார்க் 120 மீட்டர்வரை இறங்கி உயிரிழந்தார். இறக்கிவிட்ட கயிற்றில் ஆழத்துக்கு ஒன்றாகக் கட்டிய பலகைகளில் கையெழுத்திட்டுக்கொண்டே இறங்கினார். அவர் எவ்வளவு ஆழம் போனார் என்பதை உலகம் அறிந்தது அந்தக் கடைசிக் கையெழுத்தால்தான். ஆழத்தைச் சொன்னது அன்றும் கயிறுதான், கடிகாரம் அல்ல. ஐம்பது என்ற எண்ணை டயலில் பெருமையாகப் பொறித்த கடிகாரத்துக்கு, தான் ஐந்து பாகத்தில் இருக்கிறதா நாற்பது பாகத்தில் இருக்கிறதா என்று தெரியாது.

இதை வெறும் குறைகாணல் என்று ஒதுக்க முடியாது. உடலியலாளர் ஹால்டேன் 1908இல், முக்குளிப்பவர் பாதுகாப்பாக மேலேறுவதற்கான அழுத்தநீக்க அட்டவணையை வகுத்ததிலிருந்தே ஆழம், நேரம் என்ற இரண்டும் சேர்ந்துதான் முக்குளிப்பவரின் உயிரைத் தீர்மானிக்கின்றன. 1950களின் அமெரிக்கக் கடற்படை அட்டவணைப்படி, இடையில் நிற்காமல் மேலேற 60 அடி ஆழத்தில் 60 நிமிடம், 100 அடியில் 25 நிமிடம், 130 அடியில் 10 நிமிடம் மட்டுமே இருக்கலாம். ஆழம் தெரியாதவருக்கு வளையம் காட்டும் 25 நிமிடத்தால் என்ன பயன்?

அந்த இடைவெளியை நிரப்பிய முயற்சிகளில் இரண்டு முக்கியமானவை. டாக்ஸா 1967இல் வெளியிட்ட ‘சப் 300’ இந்த அட்டவணையை வளையத்திலேயே பொறித்தது. வெளிவட்டத்தில் அடி, உள்வட்டத்தில் நிமிடம். இங்கு ஆழம் எழுத்தாக வந்தது, அளவாக வரவில்லை. அளவாகத் தந்தது ஃபாவ்ர்-லுபா நிறுவனத்தின் ‘பாதி’. மலையேறுவோருக்காக 1962இல் ‘பிவுவாக்’ கடிகாரத்தில் காற்றழுத்தப் பெட்டியை வைத்து உயரம் காட்டிய அதே நிறுவனம், இம்முறை பின்புறத் துளைகள் வழியே கடல்நீரை உள்ளே விட்டு, ஒரு மெல்லிய சவ்வை அழுத்தவைத்து, அந்த அசைவை ஆழம் காட்டும் முள்ளின் அசைவாக மாற்றியது. நீரைத் தடுப்பதே பொதுவாகக் கடிகாரக்காரரின் வேலை. நீரை அளவோடு உள்ளே விட்டு அதிலிருந்தே செய்தி பெற்றது இந்த வகை உத்தி. இதை ஒரு விநோதப் பொருளாகக் கிளைக்கதையில் தள்ளுவது நியாயமில்லை.

‘பாதி’யின் டயலில் இரு வடிவங்கள் உண்டு. ஒன்றில் 50 மீட்டர் அளவுகோல், மற்றதில் 160 அடி. இந்த வேறுபாட்டுக்கு உரிய இடம் இதுவரை தரப்படவில்லை. 50 மீட்டர் என்பது 164 அடி. சும்மா அலகை மாற்றியிருந்தால் 164 அல்லது 165 என்றே வந்திருக்கும். அமெரிக்க அட்டவணை பத்துப் பத்து அடியாக ஏறுவது. அதில் 160க்கு ஒரு வரிசை உண்டு, 164க்கு இல்லை. ஆகவே இந்த டயலை வரைந்தவர் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு வரைந்தார் என்றே சொல்வேன். முழு எண்ணாக்கும் பழக்கத்தாலும் 160 வந்திருக்கலாம் என்ற எதிர்வாதத்தை முழுதாக ஒதுக்க முடியாது. ஆயினும் டாக்ஸாவின் வளையம் அட்டவணையைப் பொறித்த அதே சூழலில் இதை வைத்துப் பார்த்தால் என் வாசிப்பே பொருந்துகிறது.

காலவரிசையில் ஒரு சிக்கல் நிற்கிறது. ‘பாதி’ வெளியானது 1968 என்பது நிறுவனத்தின் கணக்கு. அதை ஓரிரு ஆண்டு முன்னே தள்ளும் சேகரிப்பாளர்களும் உண்டு. அவர்கள் சொல்வது சரியென்றால், எழுத்தாக வந்த ஆழம் முந்தியது, அளவாக வந்தது பிந்தியது என்ற என் வரிசை தலைகீழாகும். ஆழம் 1960களில்தான் கடிகாரத்துக்குள் வந்தது என்ற முடிவு அதனால் மாறாது.

இந்தக் கதை நம் பக்கம் திரும்புவது 2011இல். தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984இல் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை நிறுவிய டைட்டன் நிறுவனம் அந்த ஆண்டு ஃபாவ்ர்-லுபாவை வாங்கியது. டைட்டனின் கையில் இருந்தபோது 2017இல் வெளியான ‘ரெய்டர் பாதி 120 மெமோடெப்த்’ 120 மீட்டர்வரை ஆழம் காட்டும். ஒருமுறை முக்குளித்தபோது எட்டிய பேராழத்தை மேலே வந்த பிறகும் காட்டும். பின்னர் அந்தப் பெயர் எத்தோஸ் குழுமத்தின் கைக்குப் போயிற்று. ஃபார்க் கையெழுத்திட்ட கடைசிப் பலகையின் ஆழமும் 120 மீட்டர்தான். இது தற்செயல், வாதத்துக்கு நான் இதைப் பயன்படுத்தவில்லை.

புதுச்சேரிக் கடலில் இன்று இறங்குவோர் கையில் மின்னணுக் கணினி கட்டியிருக்கிறார்கள். ஆழத்தையும் நேரத்தையும் அது ஒரே திரையில் காட்டிவிடுகிறது. விலை உயர்ந்த இயந்திரக் கடிகாரத்தின் டயலில் 300 மீட்டர் என்று இருந்தாலும், பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். ஃபாதம் கணக்கில் இருபத்திரண்டுக்குச் சற்றுக் குறைவு.

தரநிர்ணயம் மட்டும் 1953இன் பக்கமே நின்றுவிட்டது. முக்குளிப்புக் கடிகாரங்களுக்கென 1982இல் வகுக்கப்பட்ட ஐஎஸ்ஓ 6425 குறைந்தது 100 மீட்டர் தாங்குதிறனையும், குறிப்பிட்ட ஆழத்தைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தச் சோதனையையும், இருளில் 25 சென்டிமீட்டர் தொலைவில் தெரியும் ஒளியையும் கேட்கிறது. ஆழமானிக்கு இஎன் 13319 என்ற வேறொரு தரம் உண்டு. முக்குளிப்புக் கடிகாரம் என்ற பெயரைப் பெறுவதற்கு ஆழமுள் இன்றுவரை கட்டாயம் இல்லை.