பாரந்தூக்கி நிலத் தயாரிப்பு

பாரந்தூக்கி நிலத் தயாரிப்பு என்பது, நகரும் பாரந்தூக்கி (கிரேன்) நின்று பாரம் தூக்குவதற்கு முன் அதன் தரையை உறுதிப்படுத்தும் பணியாகும்.

தூக்குகை சுழன்று ஒரு தாங்குகாலின் மேலாக வரும்போது, மொத்த எடையின் பெரும்பகுதி அக்காலிலேயே இறங்குகிறது. அது 20 டன் எனக் கொண்டால், அரை மீட்டர் சதுரத் தகட்டின் கீழுள்ள மண் சதுர மீட்டருக்கு 80 டன் தாங்க வேண்டும். தகட்டின் அடியில் 1.5 மீட்டர் சதுரப் பலகையை இட்டால் இது ஏறத்தாழ 9 டன்னாகக் குறையும். பலகை வளையாததாக இருத்தல் வேண்டும். மெல்லிய பலகையால் பயனில்லை.

சங்கராபரணி ஆற்றையொட்டிய செல்லிப்பட்டு போன்ற ஊர்களின் வண்டல் மண், வடகிழக்குப் பருவமழையில் நீரேறி இளகும். மேற்பரப்பு காய்ந்திருப்பது அடிமண்ணின் வலுவைக் காட்டாது. எனவே இளகிய மண்ணை அகற்றி, சரளையை அடுக்கடுக்காக இட்டு உருளையால் இறுக்குவர். மூடப்பட்ட கிணறு, கழிவுநீர்த் தொட்டி, புதிதாக நிரப்பிய பள்ளம், வாய்க்கால் கரை ஆகியவற்றின் அருகே தாங்குகால் ஊன்றலாகாது. சாய்வு 1 விழுக்காட்டை மிஞ்சினால் சுமை அட்டவணை பொதுவாகப் பொருந்தாது.

2023 சனவரி 22 அன்று இராணிப்பேட்டை மாவட்டம் நெமிலியை அடுத்த கீழ்வீதியில், கோயில் திருவிழாவின்போது ஆட்களைத் தாங்கியபடி நகர்ந்த பாரந்தூக்கி கவிழ்ந்து நால்வர் இறந்தனர். ஆட்களைத் தொங்கவிட்டு நகர்வது எத்தரையிலும் ஆபத்தே. மேடுபள்ளமான தரையில் சிறு சரிவும் தூக்குகையின் நுனியைப் பல அடி விலக்கிவிடும்.