குருதி கூறும் சான்று

உள்ளத்து உணர்வு உடலில் புலப்படும் என்பது தமிழருக்குப் புதிய கருத்தன்று. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்து, நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. முகத்தில் தோன்றும் மெய்ப்பாட்டையும் கடந்து, உள்ளத்தின் நோயைக் குருதியில் காண இயலுமா என வினவியது இருபதாம் நூற்றாண்டு மருத்துவம். அவ்வினாவின் வரலாற்றை நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரின் வரலாற்றோடு இணைத்துக் காண்பது பயனுடையது.

சிரம்பானை அடுத்துள்ள மந்தின் போன்ற ஊர்களைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களை வாட்டிய நோய்களுள் மலேரியா தலையாயது. 1880ஆம் ஆண்டில் லாவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அல்ஜீரியாவில் நோயாளியின் குருதியில் அதன் கிருமியைக் கண்டார். அதன்பின், விரல்நுனியில் எடுத்த ஒரு துளி குருதியே காய்ச்சலின் காரணத்தைக் காட்டலாயிற்று. நோயாளி சொல்லத் தெரியாததையும் அத்துளி சொல்லிற்று.

மனத்துயருக்கோ அத்தகைய சான்று இருந்ததில்லை. அக்குறையின் கொடுமையை உணர்த்துவது சயாம்–பர்மா இரயில்பாதை. ஜப்பானியர் 1942இல் தொடங்கிய அப்பாதை, 1943 அக்டோபர் 17இல் இருமுனையும் இணைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாய் மாய்த்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் இழப்போ அதனினும் பன்மடங்கு.

உயிர்தப்பிய பிரிட்டிஷ் கைதிகள் பலரை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அரை நூற்றாண்டுக் காலம் பரிசோதித்து வந்தது. உடல்நோய்களோடு உளநோய்களும் அவர்களிடம் நீடித்தமை அங்குப் பதிவாயிற்று. தோட்டத்துக்குத் திரும்பிய தமிழருக்கு அத்தகைய தொடர்பதிவு வாய்க்கவில்லை. அவர்தம் துயரைப் பின்னாளில் ஏந்தியவை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற நாவல்களே.

இதற்கிடையே மருத்துவ ஆய்வு வேறொரு வழியில் நடந்தது. அச்சமும் நெருக்கடியும் நேரும்போது சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பி கார்ட்டிசால் என்னும் சுரப்பைக் குருதியில் விடுகிறது. போதிய அளவு சுரந்ததும் மூளை அதனை உணர்ந்து, மதகை அடைப்பதுபோல் அடைத்துவிடும். டெக்சாமெத்தசோன் என்னும் மருந்தை இரவில் கொடுத்தால், நலமுள்ளவரின் குருதியில் மறுநாள் கார்ட்டிசால் குறைந்திருக்கும். ஆழ்ந்த மனச்சோர்வுற்றோர் பலரிடம் அது குறைவதில்லை. பெர்னார்டு கரோல் 1968இல் இதனை வெளியிட்டார். 1981இல் இதை நோயறியும் சோதனையாகவே முன்வைத்தார். ஆயினும் எடைக்குறைவும் வேறு நோய்களும் அம்முடிவைத் திரிக்கும் என்பது தெரியவந்ததால், அச்சோதனை பொதுவழக்கில் நிலைபெறவில்லை.

பேரதிர்ச்சியின் பின் நிலைக்கும் மனவடு நோய் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் தனிப்பெயர் பெற்றது. அந்நோயுற்றோரிடம் கார்ட்டிசால் மிகும் என எதிர்பார்த்தனர். ஆனால் 1986இல் ஜான் மேசன் குழுவினர் போர்வீரர்களின் சிறுநீரில் அது குறைந்திருக்கக் கண்டனர். ரேச்சல் யெஹூதா குழுவினர் 1995இல் நாசிகளின் கொடுமையிலிருந்து தப்பி மனவடு நோயுற்ற யூதரிடமும் அவ்வாறே கண்டனர். எனினும் பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. 2021இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிகுலெஸ்கு குழுவினர், குருதியில் மரபணுக்கள் இயங்கும் அளவைக் கொண்டு மனநிலை நோய்களை அறிய முயன்ற ஆய்வை வெளியிட்டனர்.

இம்முயற்சிகளால் குருதிக்குறி ஒரு துணைச்சான்றாகலாம், தீர்ப்பாகாது. குருதிச்சோகையும் தைராய்டுக் குறைவும் சோர்வாகத் தோன்றக்கூடும். அவற்றைப் பிரித்தறிய இன்றும் குருதிச்சோதனை உதவுகிறது. ஆனால் மனிதன் அஞ்சியது எதற்கு, இழந்தது யாரை என்பதைக் குருதித்துளி கூறாது. மலேரியாவை அறியக் கிருமியைக் காண்பது போதும். மனவடுவை அறியவோ துன்புற்றவரின் வரலாற்றையும் கேட்டாக வேண்டும்.

சயாம் சென்று மீண்ட தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவர்களின் குருதியை இனி எவரும் சோதிக்க இயலாது. ஆயினும் அவர்கள் பேசியதையும் பேசாது மறைத்ததையும் அறிந்த மக்களும் பெயரர்களும் உள்ளனர். தோட்டப்புற வரலாறு கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் அவ்வாய்மொழிகளைப் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றோடு எழுதிவைப்பின், மருத்துவம் பதியாது விட்ட ஏட்டின் ஒரு பகுதியேனும் நிரம்பும்.