காங்கார்டுத் திராட்சையும் அதனை ஆக்கியவரும்

கடைத்தெருவிலே பிள்ளைகள் வாங்கித் தின்னும் ஊதா நிற மிட்டாயையும், புட்டியில் அடைத்து விற்கும் ஊதா நிறப் பானத்தையும் நாமெல்லோரும் ஒரு முறையேனும் சுவைத்திருப்போம். அவற்றின் மேல் 'திராட்சை' என்று அச்சிட்டிருக்கும். ஆயினும் சந்தையில் நிறுத்து விற்கும் பச்சைத் திராட்சைக்கோ கறுப்புத் திராட்சைக்கோ அந்த மணம் கிடையாது. மிட்டாய்க்காரர் நம்மை ஏய்க்கிறார் என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறு. அது மெய்யான ஒரு திராட்சையின் மணமே. மெத்தில் ஆந்திரனிலேட் என்னும் பொருள் அப்பழத்தில் மிகுந்திருப்பதால் உண்டாவது. மிட்டாய்க்காரர் அப்பொருளைச் செயற்கையாய்ச் செய்து சேர்க்கிறார், அவ்வளவே. அந்தத் திராட்சை பிறந்த இடம் வட அமெரிக்காவிலே, மாசசூசெட்ஸ் மாகாணத்துக் காங்கார்டு என்னும் சிற்றூர்.

நாம் ஆங்கிலப் பள்ளியிற் படித்த காலத்தில் இவ்வூரின் பெயரைக் கேட்டதுண்டு. 1775-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி ஆங்கிலப் படையை எதிர்த்து அமெரிக்கக் குடியானவர்கள் துப்பாக்கி ஏந்திய இடம் அது. எமர்சன், தோரோ, ஹாதார்ன் என்னும் எழுத்தாளர்கள் வாழ்ந்ததும் அங்கேதான். ஆனால் ஹாதார்னுக்கு அடுத்த வீட்டிலே கொடி வளர்த்த ஒருவரைப் பற்றி எந்த ஆசிரியரும் நமக்கு ஒரு சொல்லும் சொன்னாரில்லை.

அவர் பெயர் எப்ராயீம் வேல்ஸ் புல். தமிழர் செவிக்குப் புல்லெனக் கேட்கும் அப்பெயர் ஆங்கிலத்தில் காளையைக் குறிக்கும். 1806-இல் பாஸ்டன் நகரிற் பிறந்தவர். தங்கத்தைத் தட்டித் தட்டி மெல்லிய ரேக்காக்கும் தொழிலாளி. 1836-இல் காங்கார்டுக்குக் குடிவந்து, கைத்தொழிலோடு தோட்டவேலையும் செய்து வந்தார்.

அக்காலத்தில் அப்பகுதியில் நல்ல திராட்சை விளைவிப்பது அரிது. ஐரோப்பியர் தம் நாட்டுக் கொடிகளைக் கொண்டுவந்து இருநூறு ஆண்டுக்காலம் நட்டு நட்டுப் பார்த்தனர். குளிர் ஒருபுறம் கொன்றது. பூஞ்சணம் ஒருபுறம் இலையைத் தின்றது. அமெரிக்க மண்ணுக்கே உரிய ஒருவகைப் பேன் வேரை உறிஞ்சிச் சாகடித்தது. காட்டிலே தானாய்ப் படர்ந்த நரித்திராட்சை என்னும் கொடியோ எந்தக் குளிருக்கும் அஞ்சவில்லை; ஆனால் அதன் பழம் தடித்த தோலும் முரட்டு மணமும் உடையது. இஸபெல்லா, கட்டாபா என்று வேறு சில அமெரிக்க வகைகள் இருந்தன. அவை பழுப்பதற்குள் உறைபனி வந்துவிடும். குளிரைத் தாங்கினால் மட்டும் போதாது. குறுகிய கோடைக்குள்ளேயே பழுத்தும் முடிக்கவேண்டும். அதுவே அந்நாட்டாரின் சங்கடம்.

புல் தமது குன்றின் அடியிலே தானாய் முளைத்த ஒரு காட்டுக்கொடியைக் கண்டார். ஆகஸ்டு மாதத்திலேயே அது பழுத்திருந்தது. 1843-இன் இலையுதிர் காலத்தில் அதன் விதைகளை ஊன்றினார். அவை முளைத்துக் கொடியாகிக் காய்க்கும் வரை காத்திருந்தார். 1849-இல், வைத்துக்கொள்ளத் தக்கது என்று ஒரே ஒரு கொடியைத் தெரிந்தெடுத்தார். மற்றவற்றைக் களைந்துவிட்டார். அவர் தம் வாழ்நாளிலே 22,000-க்கும் மேற்பட்ட நாற்றுகளைச் சோதித்தார் என்பர். அவர் ஊன்றியது காட்டுக்கொடியின் விதையே. நம் காலத்து மரபணு ஆராய்ச்சியோ, அதில் ஐரோப்பியக் கொடியின் இரத்தமும் கலந்திருப்பதாகக் காட்டுகிறது. கட்டாபாவின் மகரந்தம் எப்போதோ அங்கே கலந்தது போலும்.

இங்கே ஒன்றை விளக்கவேண்டும். தோட்டத்திற் பிறந்து வளர்ந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். நல்ல ரப்பர் மரத்தின் விதையை நட்டால் வரும் கன்று தாயைப் போல் பால் தரும் என்பது நிச்சயமில்லை. அம்மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டினால்தான் அதே மரம் மீண்டும் கிடைக்கும். திராட்சையும் அவ்வாறே. விதையில் தேடுவோர்க்கு ஆயிரத்தில் ஒன்று வாய்ப்பதும் அரிது. வாய்த்தபின், ஒரு சாண் தண்டை வெட்டி மண்ணில் ஊன்றினால் எவர் கையிலும் அது அப்படியே வளரும். கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள். களவாட ஒரு கத்தி.

1853-இல் மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கத்துக் காட்சியில் காங்கார்டுத் திராட்சை வெளிப்பட்டது. மறு ஆண்டு ஒரு கன்று 5 டாலர் வீதம் விற்பனைக்கு வந்தது. முதலாண்டில் புல்லுக்கு 3,200 டாலர் கிடைத்ததாம். அதன்பின் வருவாய் வற்றிற்று. வாங்கிய நாற்றுப்பண்ணைக்காரர் தாமே தண்டுகளை வெட்டி நட்டுப் பெருக்கி, தம் பெயரால் விற்றனர். அவர்களைத் திருடர் என்று சொல்ல இயலாது. அவர்கள் மீறிய சட்டம் எதுவும் அன்று இல்லை. புல்லை மக்கள் மதிக்காமலும் இல்லை. 1855-இல் மாகாணச் சட்டசபைக்கு அவரைத் தேர்ந்தெடுத்தனர். மதிப்பு வேறு, வரும்படி வேறு.

1869-இல் நியூஜெர்ஸி மாகாணத்து வைன்லாந்து ஊரிலே தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்னும் பல் வைத்தியர் காங்கார்டுப் பழச்சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காத்தார். மதுவை வெறுத்த அவர், கிறிஸ்துவக் கோயிலின் நற்கருணைக்குப் போதையற்ற சாறு வேண்டுமென்று செய்த காரியம் அது. அதுவே பின்னர் பெருந்தொழிலாயிற்று. ஈரி ஏரிக்கரையிலும், மேற்கே வாஷிங்டன் மாகாணத்திலும் காங்கார்டுத் தோட்டங்கள் மைல் கணக்கில் பரந்தன.

கிராணி வேலை பார்ப்போர் வரவும் செலவும் ஒத்துவரும்வரை ஏட்டை மூடுவதில்லை. இந்தக் கணக்கு நமக்கு ஒத்து வரவில்லை. கொடிக்கு வேலி இட்டிருந்தால் புல் செல்வராய் இருந்திருப்பார். ஆனால் 5 டாலர் கொடுக்க வகையற்ற ஏழைக் குடியானவன் வீட்டு வாயிலில் அது படர்ந்திராது. வேலி இல்லாமையால் படர்ந்தது. படர்ந்ததால் அவர் ஓட்டாண்டியானார்.

முதுமையில் ஏணியிலிருந்து விழுந்து, ஊர் முதியோர் இல்லத்தை அடைந்து, 1895-இல் புல் இறந்தார். விதைத்தவர் இவர், அறுத்தவர் பிறர் என்னும் கருத்தை அவர் கல்லறையிற் பொறித்திருக்கின்றனர். தண்டாலும் ஒட்டாலும் பெருகும் புதுவகைச் செடிகளை ஆக்கியவர்க்கு 17 ஆண்டு உரிமை தரும் சட்டம் 1930-இல் அமெரிக்காவில் நிறைவேறியது. அதன் முதற் பத்திரம் 1931-இல் ஒரு கொடிரோஜாவுக்கு வழங்கப்பட்டது. அப்போது புல் மறைந்து 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.