மறதிக்கு ஆண் ஓமோன் மருந்தா? தம்பிலுவிலில் இருந்து ஒரு குறிப்பு

எனக்கு 66 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியன். தொண்ணூறாம் ஆண்டு கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராதவர்களில் என்னோடு படித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களை எழுதி வைத்த பட்டியல் என்று எதுவும் எங்களிடம் இல்லை. இருந்த சில கடதாசிகளையும் 2004 டிசம்பர் 26 கடல் கொண்டு போனது. யாராவது கேட்டால் நான்தான் பெயர் சொல்லுவேன். போன வருடம் ஒரு தாய் கேட்டபோது, அவருடைய மகனோடு போன இன்னொருவனின் பெயர் எனக்கு வரவில்லை. முகம் வந்தது, அவன் சைக்கிள் வந்தது, பெயர் மட்டும் வரவில்லை.

அன்றிரவே கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம். ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு மறதி, சோர்வு, எரிச்சல் எல்லாமே டெஸ்டோஸ்டிரோன் குறைவதால்தானாம். காய்ச்சல் விட்டு ஒரு கிழமைகூட ஆகவில்லை. மத்தியானம் சோறு தின்றுவிட்டு, பின்னேரம் நாலு மணிக்கு ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தேன். 268 என்று வந்தது. அக்கரைப்பற்றில் வழமையாக மருந்தெடுக்கும் பாமசிக் காக்காவிடம் துண்டைக் காட்டினேன். “சேர், ஊசியும் ஜெல்லும் கேட்டு வாற ஆக்கள் கூடிட்டாங்க. நீங்க முதல்ல டொக்டரக் காட்டுங்க, காச நாசமாக்காதீங்க” என்றார். விற்கிறவரே வேண்டாம் என்றதால்தான் நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இந்த ஆசை பழையது. 1889இல் பாரிசில் பிரவுண் செக்கார் என்ற 72 வயது உடலியல் அறிஞர், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளில் இருந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசியாக ஏற்றி, உடலும் மூளையும் இளமையாகிவிட்டதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் பலன் தரும் அளவுக்கு ஓமோன் இருந்திருக்கவே முடியாது என்பது பிறகு தெரிந்தது. அவர் உணர்ந்தது நம்பிக்கையின் வேலை. டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டது 1935இல்தான்.

மூளையில் நினைவைப் பதிக்கும் பகுதியில் இந்த ஓமோனை ஏற்கும் வாங்கிகள் உள்ளன என்பது உண்மை. நாற்பதுக்குப் பிறகு ஆண்களில் அதன் அளவு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு வீதம் குறைவதும் உண்மை. அமெரிக்காவின் பால்டிமோரில் 574 ஆண்களைச் சராசரியாக 19 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு, இரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தவர்களுக்கு அல்சைமர் நோய் கூடுதலாக வந்ததாக 2004இல் சொன்னது. விளம்பரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குறைந்தவருக்கு நோய் வந்தது என்பதும், கூட்டிக் கொடுத்தால் நோய் வராது என்பதும் ஒன்றல்ல.

கூட்டிக் கொடுத்தும் பார்த்துவிட்டார்கள். 65 வயதைத் தாண்டிய, ஓமோன் குறைந்த, வயதுக்குரிய மறதியும் உள்ள 493 அமெரிக்க ஆண்களில் பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும் மற்றவர்களுக்கு வெறும் ஜெல்லும் ஒரு வருடம் பூசக் கொடுத்தார்கள். 2017இல் ஜாமா சஞ்சிகையில் வந்த முடிவு: நினைவாற்றலில் வித்தியாசம் இல்லை. அதே ஆய்வுத் தொடரில் பாலுணர்வு ஓரளவும், மனநிலை சிறிதளவும் கூடின, எலும்பும் பலப்பட்டது. ஆனால் இதயக் குழாய்ச் சுவர்களில் படிவும் கூடியது. 2023இல் வெளியான, 5,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட வேறோர் ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனாலும் இதயத் துடிப்பு ஒழுங்கு குலைதல், நுரையீரலில் இரத்தக்கட்டி ஆகியவை சற்றுக் கூடுதலாக இருந்தன. உண்மையான குறைபாடு உள்ளவருக்கு இது நல்ல மருந்துதான். மறதிக்கு மருந்தல்ல.

எங்களைப் போன்றவர்களுக்கு நேரடியாகத் தொடுகிற விசயம் வேறொன்று. கைதி போலப் பிடித்து அடைத்து விசாரிக்கும் பயிற்சிக்கு உட்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றிய ஆய்வு 2000இல் வந்தது. சில மணி நேரத்திலேயே அவர்களின் டெஸ்டோஸ்டிரோன் கடுமையாக வீழ்ந்தது. அது பயிற்சி என்று அவர்களுக்குத் தெரியும்! நித்திரையும் அப்படித்தான். சிக்காகோவில் இளைஞர்களை ஒரு கிழமை ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க விட்டபோது அளவு 10 முதல் 15 வீதம் குறைந்தது. இரவு இரண்டு மணிக்கு விழித்து நாய் குரைக்கும் பக்கம் காது கொடுக்கிற ஆண்கள் எங்கள் கரையில் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. நித்திரையின்மையும் மனச்சோர்வும் ஓமோனையும் குறைக்கும், நினைவையும் குறைக்கும். ஓமோனை மட்டும் ஊசியால் ஏற்றினால் மற்றது அப்படியேதான் இருக்கும்.

வைத்தியர் என் துண்டைப் பார்த்துவிட்டு, நேரம்தான் பிழை என்றார். இந்த ஓமோன் காலையில் உச்சத்தில் இருக்கும். வயதானவர்களில் அந்த ஏற்ற இறக்கம் குறைவு என்றாலும் உண்டு. சாப்பாடும் காய்ச்சலும் அதைக் குறைக்கும். வெறும் வயிற்றில், காலை ஏழுக்கும் பத்துக்கும் இடையில், வேறு வேறு நாளில் இரண்டு தரம் பார்த்து, இரண்டும் ஏறத்தாழ 300க்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்பார்களாம். ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையான 3,369 ஆண்களைப் பார்த்தபோது அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான்.

பிறகு அவர் என் கிளினிக் கொப்பியைப் புரட்டி, சீனி வருத்தத்துக்கு மெட்போர்மின் எத்தனை வருடம் என்று கேட்டார். பதினொரு வருடம். அந்தக் குளிசை நீண்டகாலத்தில் விற்றமின் பி12ஐக் குறைக்கக்கூடும், பி12 குறைந்தால் மறதி வரும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. தைரொயிட், பிரஷர், காது கேட்கும் அளவு, நித்திரைக் குளிசை, சாராயம் எல்லாம் கேட்டார். முன்பு தலையில் அடிபட்டதா, ஷெல் பக்கத்தில் விழுந்ததா என்றும் கேட்டார். தலைக் காயம், கேள்விக் குறைவு, மனச்சோர்வு மூன்றுமே 2024இல் லான்செட் ஆணைக்குழு சொன்ன, தவிர்க்கவோ குறைக்கவோ கூடிய 14 மறதிநோய்க் காரணங்களில் உள்ளவை. “மனசு எப்படி?” என்று கடைசியாகக் கேட்டார். ஆண்களிடம் அதைக் கேட்கிறவர்கள் குறைவு, நானும் உடனே பதில் சொல்லவில்லை.

காலையில் கொடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் 402. இரண்டாவது தரம் 390. பி12 குறைவாக இருந்தது, அதற்கு ஊசி போடுகிறார்கள். அந்தப் பெயர் மூன்றாம் நாள் கிணற்றடியில் தானாக வந்தது. ஈரக்கையோடு உள்ளே போய் ஒரு எண்பது பக்கக் கொப்பியில் எழுதினேன். இப்போது அதில் நாற்பத்தொரு பெயர்கள் இருக்கின்றன, தகப்பன் பெயரோடு.