உடம்பே மீட்டராக இருந்த காலம்

ஓம் விதி என்றதும் நம்மில் பலருக்கும் பிஸிக்ஸ் லேப்தான் ஞாபகம் வரும். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ். இரண்டையும் பெருக்கினால் பவர். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு சரி. இந்த இரண்டு வரிக் கணக்கு பிறந்த கதை சுவையானது.

1781-லேயே லண்டனில் ஹென்றி காவெண்டிஷ் இதைக் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு அம்மீட்டர் ஏது? மின்சாரம் ஏற்றிய லேடன் ஜாடியோடு உப்புத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை இணைத்து, தன் உடம்பையும் சர்க்யூட்டில் சேர்த்துக்கொண்டார். ஷாக் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை வைத்தே கரண்டை மதிப்பிட்டார்! ஆனால் மனுஷன் அதை வெளியிடவே இல்லை. அவருடைய குறிப்புகளை மாக்ஸ்வெல் பதிப்பித்தது 1879-இல்தான்.

அதற்குள் ஜெர்மனியில், கொலோன் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் ஓம் காந்த ஊசியை வைத்து ஒழுங்காக அளந்து, 1827-இல் புத்தகமே போட்டுவிட்டார். சொந்த நாட்டில் அதைச் சீந்துவார் இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் மதிப்பு வந்தது. கம்பியில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று ஜூல் சொன்னதும் அதே சமயத்தில்தான்.

நம்ம சீமைக்கு வருவோம். தாமிரபரணித் தண்ணீரில் பாபநாசம் மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1944-இல். தூரத்து ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோக ஜூல் கணக்குதான் வழிகாட்டி. வோல்டேஜைப் பத்து மடங்கு கூட்டினால், அதே பவருக்குக் கரண்டு பத்தில் ஒரு பங்கு. கம்பியில் வீணாவது நூற்றில் ஒரு பங்கு.

இன்று ரெடிமேட் துணிக்குப் பேர்போன புதியம்புத்தூரில் தையல் மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் ஓடுவது இந்தக் கணக்கில்தான். 230 வோல்ட்டில் 1000 வாட் பெட்டி 4.35 ஆம்பியர் இழுக்கும். அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 53 ஓம். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் கரண்டு 3.4 ஆம்பியர், பவர் 612 வாட். துணிச் சுருக்கம் போகாததற்குப் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதைவிட முக்கியம் எர்த். ஈரம் இருக்கும்வரை கரிசல் மண் கரண்டை நன்றாகக் கடத்தும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, எர்த் கம்பியை விட்டு விலகிவிடும். பெட்டியின் இரும்பில் கரண்டு கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் பாதை மொத்தம் 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் பாயும். 10 ஆம்பியர் ஃப்யூஸ் உடனே போய்விடும். அதுவே 100 ஓம் ஆனால் வெறும் 2.3 ஆம்பியர். ஃப்யூஸ் அசையாது, பெட்டியில் கரண்டு அப்படியே நிற்கும். தொட்டவர் கதி? ஈரக் கையோடு உடம்பின் ரெசிஸ்டன்ஸ் 1000 ஓம் என்று வைத்தாலும் 0.23 ஆம்பியர். உயிர் போக அது தாராளம்.

"பெட்டி லேசா சுர்ருங்குது" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்பவர்களைப் பார்க்கிறோம். அது காவெண்டிஷ் முறை, நண்பர்களே! ஊருக்குப் போகும்போது எர்த் குழியைப் பாருங்கள். கரி, உப்பு போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை வெட்டும் பிரேக்கர் ஒன்றும் மாட்டச் சொல்லுங்கள். நாம் படித்த படிப்புக்கு ஊருக்குச் செய்யும் சின்னக் கைம்மாறு இது.