வாரத்தில் ஒரு நாள் குளம்: சாமி லீயின் கதை

ஒலிம்பிக் டைவிங் வரலாற்றைப் படிக்கிறவங்க சாமி லீ என்ற பெயரைத் தாண்டாமல் போக முடியாது. 10 மீட்டர் உயர மேடையிலிருந்து பாயும் ஆண்கள் போட்டியில் அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் ஆள் அவர்தான். 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி. ஆனால் என்னை அந்தப் பதக்கங்களைவிட அதிகமா யோசிக்க வைத்தது ஒரு நகராட்சி நீச்சல் குளம்.

குடும்பத்தைப் பத்தி முதலில் பார்த்துடலாம். கொரியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போன பெற்றோர். இவர் பிறந்தது 1920 ஆகஸ்ட் 1, ஃப்ரெஸ்னோ நகரில். அப்போது கொரியா ஜப்பான் பிடியில் இருந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்ததால் மகன் அமெரிக்கக் குடிமகன். பெற்றோருக்கு அந்த உரிமை கிடையாது. ஆசியாவிலிருந்து வந்தவர்கள் எத்தனை வருஷம் வாழ்ந்து வரி கட்டினாலும் குடியுரிமை பெற முடியாது என்பதுதான் அன்றைய சட்டம். குடியுரிமை பெற முடியாதவர்கள் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1913இல் தனியாக ஒரு சட்டமே போட்டு வைத்திருந்தது. ஆக ஒரே வீட்டில் மகன் உள்நாட்டுக்காரன், அப்பா அம்மா நிரந்தர வெளியாட்கள்.

1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக் நடக்கிறது. ஊரெல்லாம் கொடி. பன்னிரண்டு வயசுப் பையன் அதைப் பார்த்துட்டு, நானும் ஒருநாள் ஒலிம்பிக்கில் ஜெயிப்பேன்னு அப்பாகிட்ட சொல்றான். எந்த விளையாட்டுன்னு அப்போ அவனுக்கே தெரியாது. அப்பாவுக்கோ பையன் டாக்டராகணும். (நம்ம ஊர் அப்பாக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.)

டைவிங்தான்னு முடிவானதும் பிரச்சினை ஆரம்பமாகுது. பயிற்சிக்குக் குளம் வேணும். பக்கத்து பாசடீனா நகரில் புரூக்சைட் பூங்காவில் நகராட்சிக் குளம் இருந்தது. பொதுப்பணத்தில் கட்டியது, ஆனால் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள். அந்த நாளுக்கு அவங்க வச்ச பேரு 'சர்வதேச தினம்'! கறுப்பர், மெக்சிகர், ஆசியர் எல்லாரும் அன்னைக்கு வந்து குளிக்கலாம். அது முடிஞ்சதும் தண்ணியை வடிச்சுட்டுக் குளத்தைக் கழுவி, புதுத் தண்ணி நிரப்புவாங்க. மறுநாள் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வருவாங்க. 'தீட்டு' என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லாமலே அந்தக் காரியத்தைக் கச்சிதமாகச் செய்திருக்கிறார்கள்.

இந்தக் குளத்தின் கதையை இன்னும் கொஞ்சம் சொல்லியாகணும். கறுப்பின மக்கள் நகராட்சிமேல வழக்குப் போட்டார்கள். 1940களின் தொடக்கத்தில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. நகராட்சி என்ன பண்ணுச்சு தெரியுமா? எல்லாருக்கும் திறந்துவிடுவதற்குப் பதிலா குளத்தையே மூடிட்டாங்க. மறுபடி திறந்தது 1947இல்தான். வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கும் குளம் இல்லாமப் போனாலும் பரவாயில்லை, சேர்ந்து மட்டும் குளிக்கக் கூடாது. பாகுபாடு காட்டுகிறவன் தன் லாபத்தைக் கணக்குப் போட்டுத்தான் காட்டுகிறான் என்று சில பொருளாதாரக்காரர்கள் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூடிய குளம்தான் ஞாபகம் வருது.

வாரத்தில் ஒரு நாள் பயிற்சி செய்து யாரும் சாம்பியன் ஆக முடியாது. இங்கேதான் ஜிம் ரயன் என்ற பயிற்சியாளர் வருகிறார். இவர் ஏற்கனவே எகிப்து வீரர் ஃபரீத் சிமைக்காவுக்குப் பயிற்சி கொடுத்தவர். 1928 ஆம்ஸ்டர்டாமில் முதலில் சிமைக்காவைத்தான் வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். பிறகு கணக்கிடும் முறையைக் காரணம் காட்டித் தங்கத்தை அமெரிக்கரான டெஜார்டினுக்கு மாற்றினார்கள். ரயனுக்கு அந்த அனுபவம் இருந்தது. குளம் இல்லாத நாட்களுக்காக அவர் ஒரு குழி தோண்டி மணலை நிரப்பினார். மேலே டைவிங் பலகை. பலகையிலிருந்து எம்பி, காற்றில் குட்டிக்கரணம் போட்டு, மணலில் இறங்கணும். தண்ணீர் தப்பை மன்னிக்கும், மணல் மன்னிக்காது. பிற்காலத்தில் லீயின் கால்களில் தெரிந்த வலுவுக்கு இந்த மணல் குழியையே காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். நல்ல குளம் கிடைத்திருந்தால் இன்னும் சீக்கிரமே வந்திருப்பார் என்பதையும் யாராவது சொல்லணும்.

பள்ளியிலும் இதே நிலைதான். மாணவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஆனால் பள்ளி இறுதி நடன விருந்துக்குப் போக முடியவில்லை. விருந்து நடந்த அரங்கில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை.

1942இல் தேசிய சாம்பியன். வெள்ளையர் அல்லாத ஒருவர் அமெரிக்க டைவிங் பட்டத்தை வென்றது அதுதான் முதல்முறை. ஆனால் போர் காரணமாக 1940, 1944 ஒலிம்பிக் இரண்டுமே நடக்கவில்லை. அந்த இடைவெளியில் 1947இல் மருத்துவப் பட்டம் வாங்கி அப்பாவின் ஆசையை நிறைவேற்றிவிட்டார். 1948இல் லண்டனில் மேடைப் போட்டியில் தங்கம், ஸ்பிரிங்போர்டில் வெண்கலம். அவருக்கு இரண்டே நாள் முன்னால் விக்கி டிரேவ்ஸ் பெண்கள் ஸ்பிரிங்போர்டில் தங்கம் வென்றிருந்தார். அப்பா பிலிப்பினோ, அம்மா ஆங்கிலேயர். அப்பா வழிப் பெயரான மனாலோவை விட்டுவிட்டு அம்மாவின் பெயரான டெய்லரைப் போட்டுக்கொண்டால்தான் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது.

1952 ஆகஸ்ட் 1, தன் 32வது பிறந்தநாளில், ராணுவ மருத்துவ மேஜராக ஹெல்சிங்கியில் இரண்டாவது தங்கம். அதே 1952இல்தான் ஆசியக் குடியேறிகளுக்குக் குடியுரிமைக் கதவும் திறந்தது. 1953இல் நாட்டின் சிறந்த அமெச்சூர் விளையாட்டு வீரருக்கான சல்லிவன் விருது. ஆசிய நாடுகளில் அமெரிக்காவின் நல்லெண்ண முகமாக அவரை அரசாங்கம் பயன்படுத்திக்கொண்டது. எங்க நாட்டில் நிறவெறி இல்லைன்னு காட்ட இவரைவிடப் பொருத்தமான ஆள் யாரு?

கொரியாவில் ராணுவப் பணி முடித்து 1955இல் திரும்பி வந்தவர், ஆரஞ்ச் கவுண்டியில் கார்டன் குரோவ் என்ற ஊரில் வீடு வாங்கப் போனார். ஆசியர் என்பதால் விற்க மறுத்துவிட்டார்கள். இனத்தைக் காட்டி வீடு விற்பதைத் தடுக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இலேயே சொல்லியாச்சு. ஆனா அது ஒப்பந்தத்துக்குத்தான். விற்கிறவன் தானாகவே முடியாதுன்னா யார் கேட்பது? வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் தேசியச் சட்டம் வர 1968 ஆச்சு. லீயின் விஷயம் பத்திரிகைகளில் வந்து நாடு முழுக்கப் பேச்சான பிறகு, அதே கவுண்டியில் அவருக்கு வீடு கிடைத்தது. ரெண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்காத கொரியனுக்கோ ஜப்பானியனுக்கோ பத்திரிகை எழுதியிருக்குமா என்பதை நீங்களே யோசிச்சுக்குங்க.

அங்கேயே காது மூக்கு தொண்டை மருத்துவராகத் தொழில் செய்தார். 2016 டிசம்பரில், 96 வயதில் காலமானார். இடைப்பட்ட காலத்தில் பலருக்குப் பயிற்சி கொடுத்தார். 1976 மாண்ட்ரியலில் வெள்ளி வென்ற பதினாறு வயது கிரெக் லூகானிஸ் அவரிடம் பயின்றவர்தான். அதற்கு முன்னால் பாப் வெப்ஸ்டர். சாண்டா ஆனாவில் இவர் படித்த கல்லூரியில் குளமே கிடையாது. லீ தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு குழியில் மணலைக் கொட்டி, மேலே ஒரு பலகையைப் போட்டுக் கொடுத்தார். வெப்ஸ்டர் 1960லும் 1964லும் அதே 10 மீட்டர் மேடையில் தங்கம் வென்றார்.