வாவிக்கரை ஆசிரியரும் கூட்டு வட்டியும்

மட்டக்களப்பு வாவியின் கரைகளில் பாடசாலை ஆசிரியர் என்ற மாதச் சம்பளக்காரர் தோன்றி இரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. 1814 இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனாலும் பள்ளி நிலைத்தது. 1873 இல் புனித மிக்கேல் கல்லூரியும், 1929 இல் சுவாமி விபுலாநந்தரின் முயற்சியால் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயமும் எழுந்தன. வயலும் மாடும் தோணியும் செல்வமாக இருந்த ஒரு சமூகத்தில், நிலம் இல்லாமலும் மதிப்போடு வாழலாம் என்று காட்டிய முதல் தொழில்களில் ஒன்று ஆசிரியத் தொழில். ஆனால் நிலவுடைமையாளரான போடியாருக்கு வயதானால் வயல் இருக்கும். வாத்தியாருக்குச் சம்பளம் நின்றுவிடும். அந்த வெற்றிடத்தை நிரப்பச் செய்யப்பட்ட ஏற்பாடுகளே இங்கு ஆசிரியரின் முதுமைச் சேமிப்பின் வரலாறு.

ஆசிரியரின் குடும்பத்தைக் கூட்டு வட்டியால் தாங்கலாம் என்ற எண்ணம் இலங்கைக்கு வரும் முன்பே ஐரோப்பாவில் சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. 1744 இல் ஸ்கொத்லாந்துத் திருச்சபையின் போதகர்களுக்கும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்குமாக ஒரு விதவைகள் நிதியம் அமைக்கப்பட்டது. ரொபர்ட் வாலஸ், அலெக்சாந்தர் வெப்ஸ்டர் என்ற இரு போதகர்கள், ஆண்டுக்கு எத்தனை பேர் இறப்பர், எத்தனை விதவைகள் எஞ்சுவர், சந்தா வட்டியோடு எவ்வளவாகப் பெருகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டனர். இருபது ஆண்டுகளுக்குப் பின் நிதியத்தின் இருப்பு அவர்கள் கணித்த தொகைக்கு மிக அருகில் வந்து நின்றது. இலங்கையில் 1898 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அரச உத்தியோகத்தருக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதியத்தை ஏற்படுத்தியது. சம்பளம் கைக்கு வருமுன்பே சந்தா கழிக்கப்பட்டது. எனினும் இது ஆண் உத்தியோகத்தரின் குடும்பத்துக்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஆசிரியைகளின் சந்தாவால் அவர்களது கணவரும் பிள்ளைகளும் பயன்பெற 1983 ஆம் ஆண்டின் தபுதாரர் அநாதைகள் ஓய்வூதியச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெண்கள் பெருமளவில் பணியாற்றிய ஒரு தொழிலில் இது மிக நீண்ட தாமதம்.

மிஷன் பாடசாலைகளின் நிலை வேறு. அரசின் உதவிப் பணத்திலும் முகாமையாளரின் தயவிலும் தங்கியிருந்த அவற்றின் ஆசிரியருக்கு ஓய்வூதியப் பாதுகாப்பு மெல்லவே உறுதியானது. 1953 இன் பாடசாலை ஆசிரியர் ஓய்வூதியச் சட்டம் அதில் ஒரு படி. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றபோது, வாவியின் இரு கரைகளிலும் இருந்த ஆசிரியர்கள் ஒரே அரச சேவைக்குள் வந்தனர்.

அரச ஓய்வூதியம் கூட்டு வட்டியால் விளைவதில்லை. அது இறுதிச் சம்பளத்தையும் சேவைக் காலத்தையும் வைத்துக் கணக்கிடப்பட்டு, ஆண்டுதோறும் அரச வருவாயிலிருந்து கொடுக்கப்படுகிறது. ஆனால் அதன் பெறுமதி என்ன என்பதைக் கூட்டு வட்டி கொண்டுதான் அளக்க முடியும். மாதம் 50,000 ரூபா ஓய்வூதியம் பெறுபவர் ஆண்டுக்கு 6 இலட்சம் பெறுகிறார். 8 சதவீத வட்டியில் அதே தொகையை முதல் குறையாமல் பெற வேண்டுமானால் 75 இலட்சம் வைப்பில் இருக்க வேண்டும். அந்த 75 இலட்சத்தைச் சேர்க்க, அதே வட்டியில் 30 ஆண்டுகள் மாதந்தவறாமல் ஏறத்தாழ 5,000 ரூபா ஒதுக்க வேண்டும். ஓய்வூதியம் இல்லாத முன்பள்ளி ஆசிரியரும் தனியார் வகுப்பு ஆசிரியரும் எதிர்நோக்கும் சுமை இதுவே.

ஓய்வூதியத்துக்கு அப்பாலான சேமிப்புக்கு ஊர்களில் முதலில் கிடைத்த வழி தபாலகம். 1885 இல் தொடங்கிய தபாலகச் சேமிப்பு வங்கி, பின்னர் 1971 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய சேமிப்பு வங்கியில் இணைந்தது. வங்கிக் கிளைகள் பெரிதும் வாவியின் கிழக்கேயுள்ள எழுவான்கரையில், நகரை ஒட்டியே இருந்தன. மேற்கேயுள்ள படுவான்கரை ஆசிரியருக்கு உப தபாலகமே வங்கி. மண்முனையில் பாலம் திறக்கப்பட்டதே 2014 இல்தான். அதுவரை அங்கே ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. தபாலகத்தோடு ஆசிரியர்களின் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களும், ஆசிரியர் அறைகளில் நடந்த சீட்டுகளும் இருந்தன. சீட்டில் பணம் சுற்றிவரும், பெருகாது. ஆயினும் மாதந்தோறும் ஒதுக்கும் பழக்கத்தை ஊட்டியதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

மட்டக்களப்பில் இந்தச் சேமிப்புகள் நடுவழியில் உடைபட்டதற்கு ஊரின் குடும்ப அமைப்பு ஒரு முக்கிய காரணம். தாய்வழிக் குடிமுறை நிலவும் இப்பகுதியில், தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வான். மூத்த மகளின் திருமண வயதில் பெற்றோர் சேவையின் இருபதாம் ஆண்டை ஒட்டி நிற்பர். மாதம் 1,000 ரூபாவாக 8 சதவீத வட்டியில் சேர்த்தவரிடம் அப்போது 5.89 இலட்சம் இருக்கும். அதைத் தொடாமல் இன்னும் பத்தாண்டு தொடர்ந்தால் 14.9 இலட்சமாகும். முழுவதையும் எடுத்து வீடு கட்டிவிட்டு மறுபடி தொடங்கினால், ஓய்வு பெறும்போது 1.83 இலட்சமே மிஞ்சும். பெருக்கத்தின் பெரும்பகுதி கடைசிப் பத்தாண்டில்தான் நிகழ்கிறது. சீதன வீடு அந்தப் பத்தாண்டின் வாசலில் வந்து நிற்கிறது.

இதை வெறும் நட்டமாகக் கொள்வது சரியன்று. மகளுக்குக் கட்டிய வீடு பெரும்பாலும் பெற்றோரின் வளவிலோ அதற்கு அருகிலோ இருந்தது. முதுமையில் சோறும் துணையும் அங்கிருந்தே வந்தன. வட்டி தரும் வைப்பு தராத ஒன்றை அந்த வீடு தந்தது. ஆனால் இரண்டாம், மூன்றாம் மகளுக்குக் கடன் வாங்கிக் கட்டியபோது கணக்கு மாறியது. அரச ஊழியருக்கு 4.2 சதவீத வட்டியில் கிடைத்த இடர் கடன் தாங்கக்கூடியது. அது போதாமல் தனியாரிடம் மாத வட்டிக்கு வாங்கியவர்களுக்கு, சேமிப்பைப் பெருக்கும் அதே கூட்டு வட்டி எதிர்த்திசையில் ஓடியது.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி ஆகிய ஊர்களின் முஸ்லிம் ஆசிரியர் பலர் மார்க்கக் கட்டளைப்படி வட்டியைத் தவிர்த்தனர். அவர்களது மிச்சம் காணியாக, நகையாக, கடைப் பங்காக மாறியது. 2011 முதல் அமானா வங்கி இலாபப் பகிர்வு முறையில் வைப்புகளை ஏற்கிறது. பகிர்ந்த இலாபத்தை எடுக்காமல் மீண்டும் முதலிட்டால், ஆண்டுக்காண்டு பெருகும் விதி அங்கும் செயற்படுகிறது.

1977 இன் பொருளாதாரத் திறப்புக்குப் பின் நிலையான வைப்புகளின் வட்டி இரட்டை இலக்கத்துக்கு ஏறியது. விலைவாசியும் உடன் ஏறியது. 1978 நவம்பர் 23 இன் சூறாவளி வீடுகளையும் தென்னைகளையும் சாய்த்தது. பிறகு போர் வந்தது. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருக்க, நகரிலிருந்து ஆசிரியர்கள் சோதனைச் சாவடிகளைக் கடந்து படிப்பிக்கப் போனார்கள். இடம்பெயர்வும் 2004 இன் ஆழிப்பேரலையும் பல குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்தன. அரச சம்பளமும் அதிலிருந்து கழிக்கப்பட்ட சந்தாவும் தொடர்ந்ததே இக்காலத்தில் ஆசிரியர் குடும்பங்களைக் காப்பாற்றியது.

இதைவிடச் சத்தமின்றி வந்த அழிவு 2022 இன் பணவீக்கம். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி அது 69.8 சதவீதத்தைத் தொட்டது. தனியார் பாடசாலை ஆசிரியருக்கு உரிய ஊழியர் சேமலாப நிதி, 1958 இன் சட்டத்தால் அமைந்தது. இன்று ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்துகின்றனர். ஆண்டு வட்டி முதலோடு சேர்ந்து மறு ஆண்டு தானும் வட்டி ஈட்டுகிறது. அந்த நிதி 2022 க்கு அறிவித்த வட்டி 9 சதவீதம். இலக்கத்தில் வளர்ந்த கணக்கு, அரிசியிலும் மருந்திலும் அளந்தால் சுருங்கியது. 2023 இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அந்நிதியின் திறைசேரி முறிகள் மாற்றப்பட்டு, 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி என வரையறுக்கப்பட்டது.

காலம் குறைந்ததால் பெரிதும் இழந்தவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். போர்க்காலத்தில் ஆளில்லாப் பாடசாலைகளைச் சிறு கொடுப்பனவுக்கு, சில வேளை கொடுப்பனவே இன்றி, நடத்தியவர்கள் இவர்கள். பலருக்கு நிரந்தர நியமனம் கிடைக்கும்போது இளமை கடந்திருந்தது. நாற்பது வயதில் நியமனம் பெற்றவருக்கு 60 வயது வரை இருபதே ஆண்டுகள். முப்பது வயதில் தொடங்கியவர் மாதம் 1,000 ரூபாவால் அடையும் 14.9 இலட்சத்தை, அதே 8 சதவீதத்தில் இவர் அடைய மாதம் ஏறத்தாழ 2,530 ரூபா ஒதுக்க வேண்டும்.